இருபத்திரண்டு டிகிரி

லடாக்கில் ஒரு பாட்டுக்காக வாங்கியது.
பனியில் ஆடுகிற நாயகிக்கு
உதடு வெடிக்கக் கூடாதென்று
ஸ்டான்ஸின் என்ற மெக்கானிக்
கேரவனின் அடியில் துளை போட்டு
மாட்டிக் கொடுத்த டீசல் ஹீட்டர்.
பாட்டு படத்தில் வரவில்லை.
ஹீட்டர் மட்டும் சோபாவுக்குக் கீழே
தங்கிவிட்டது,
இறங்கும் ஊரைத் தூங்கிக் கடந்தவன் போல.

வாலிநோக்கத்தில் பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள்.
ராம்நாட்டுக்கு ஹீட்டரா!
உப்பளத்துக்காரனிடம் உப்பு விற்ற கதையாக.
டீக்கடை ஜபருல்லா
நாளைக்கு நாலு தரம் கேட்டார்:
"என்ன தம்பி, அடுப்பு எரியுதா?"

மார்கழி. விட்டு விட்டு மழை.
நாயகன் விமானம் ஏறவில்லை.
யூனிட் மொத்தமும் ராமநாதபுரம் லாட்ஜில்.
வண்டிக்குக் காவல் நான் மட்டும்,
கரையோரம், மூன்றாம் நாள்.

காலை ஆறுக்குக் கடலில் இறங்கிய பெண்கள்
பதினொன்றுக்கு ஏறினார்கள்.
பாதத்தில் தகரம் கட்டி,
விரல்களில் கந்தல் சுற்றி,
இடுப்பில் பாசி கனக்கும் வலைப்பை.
கரையில் வாடை காத்திருந்தது,
கந்துவட்டிக்காரன் மாதிரி,
அவர்களுக்காகவே.
என் செல்போன் சொன்னது: இருபத்திரண்டு டிகிரி.
அது உலர்ந்த சட்டைக்காரனின் கணக்கு.

ஒருத்திக்குப் பல் தந்தியடித்தது.
பை முடிச்சை அவிழ்க்க விரல் மடங்கவில்லை;
பல்லால் இழுத்தாள்,
பல் நிற்கவில்லை.
"பொறு நம்புசெல்வி, வெயில் வரும்" என்றாள்
பக்கத்தில் நின்றவள்.
வெயில் வருகிற மாதிரி இல்லை.

கதவைத் திறந்தேன்.
"உள்ள வாங்க. கேமரா கீமரா எதுவும் கிடையாது."
பொத்தானை அழுத்திவிட்டு
நான் இறங்கித் தள்ளிப்போய் நின்ற பிறகே
ஐந்து பேரும் ஏறினார்கள்.

முதலில் ஒன்றும் நடக்காது இதற்கு.
உள்ளே ஓர் ஊசி சிவக்க வேண்டும்.
பிறகு பம்பு. டக். டக்.
சொட்டுச் சொட்டாய் டீசல்.
வண்டியடியில் வெள்ளைப் புகையாய் ஒரு தும்மல்.
அப்புறம்தான் சூடு.

ஸ்டான்ஸின் உடைந்த இந்தியில் சொன்னது மறக்கவில்லை:
குழாயின் வாய் எப்போதும் வெளியே.
ஜன்னல் எப்போதும் நாலு விரற்கடை திறந்து.
இந்தப் புகை கோபப்படாது,
தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பாமலே கூட்டிப் போய்விடும்.
குனிந்து பார்த்தேன்.
குழாய் முன்னால் மணல் ஏறியிருந்தது,
கையாலேயே தள்ளிவிட்டேன்.

திறந்த நாலு விரல் வழியே பேச்சு வந்தது.
மரிக்கொழுந்துப் பாசி இந்த வாரம் என்ன விலை.
யாருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது.
யாரோ தெரியாமல் சுவிட்சைத் தட்ட
மேக்கப் கண்ணாடியைச் சுற்றிப் பன்னிரண்டு பல்பும் எரிந்தன.
பேச்சு நின்றது.
"அணைடி. வெள்ளாவி வச்சு எடுத்த மாதிரி இருக்கோம்."
சிரிப்பு.
இருமல்.
மறுபடி சிரிப்பு.

அரைமணி நேரம்.
ஒரு டம்ளர் டீசல் ஆகியிருக்கும்.

இறங்கும்போது நம்புசெல்வி கேட்டாள்:
"இது எந்த ஊருக்குச் செஞ்சது?"
வடக்கே, ஆறு நாள் ஓட்டணும்,
கடலே கிடையாது அங்கே, என்றேன்.
"கடல் இல்லாம எப்படிக் குளிரும்?"

பொத்தானை அணைத்தேன்.
அணைத்த பிறகும் விசிறி ஓடியது.
தன் சூட்டைத் தானே ஆற்றிக்கொள்ளாமல்
நிற்காது அது.
அவள் படியிலேயே நின்று
ஓசை அடங்கும்வரை கேட்டாள்.
பிறகு ஈரக் கந்தலை
விரல் விரலாகச் சுற்ற ஆரம்பித்தாள்.
மதியத்துக்கு ஒரு முறை இறங்க வேண்டும்.

சாயங்காலம் மேனேஜர் கொளஞ்சி வந்தார்.
வெள்ளை சோபாவில் ஐந்து உப்புத் தடம்.
"யாருய்யா உட்கார்ந்தது?"
ஹீட்டர் வேலை செய்யுதான்னு பார்த்தோம் சார்.
"ராம்நாட்லயா?"
ஆமா சார்.
"பார்த்தோம்னா, யாரு யாரு?"

நான் துணியை நனைத்துத் துடைத்தேன்.
போய்விட்டது.
காய்ந்ததும் திரும்ப வந்தது.