அளவு நாடா

ரஸ்மாவின் பிடரியைத்தான் எனக்கு முதலில் தெரியும்.
மிலானில் ஏழு வருஷம்
அவளுக்கு ஜிப் போட்டுவிட்டவள் நான்.
ஒரு உடை கழற்றி மறு உடை மாட்ட
நாற்பது வினாடி.
அதற்குள் பேச்சென்ன வேண்டிக் கிடக்கிறது?
என் உதட்டில் குண்டூசிகள்.
அவள் உதட்டில் சிவப்பு, கலையக்கூடாது.
இப்படி இரண்டு வாய்கள்
ஏழு வருஷம் அருகருகே.

"சிரிக்காதே, உன் முகம் ஒரு சுவர்" என்றான் ஒருவன்.
"நடை போதும்" என்றாள் இன்னொருத்தி.
அட்டையில் அவள் பெயருக்குக் கீழே
நூற்று எழுபத்தொன்பது, எண்பத்திரண்டு, அறுபது, எண்பத்தெட்டு.
காலணி நாற்பது.
குரல் என்றொரு கட்டம் அதில் இல்லை.

ஒரு மார்ச் மாத ஒத்திகையில்
மின்சாரம் போய்ப் பாட்டு நின்றது.
நிற்கச் சொல்லி யாரும் சொல்லாததால்
பதினான்கு பெண்களும் நடந்தார்கள்.
ப்ளைவுட் மேடையில் இருபத்தெட்டு குதிகால்.
திரும்பி வந்தவள் என்னிடம், "கேட்டியா?" என்றாள்.
நான் ஜிப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை.
வயசாச்சு, இருபத்தொன்பது என்றார்கள்.
காதல் என்றார்கள்.
மூளை கொஞ்சம், என்று விரலைச் சுழற்றினார்கள்.

நான்கு வருஷம் கழித்து ரீகாவுக்குப் போனேன்.
பிப்ரவரி. தவுகவா ஆறு உறைந்து
ஆட்கள் மேலே உட்கார்ந்து
துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள்.
பழைய டிராம் பணிமனையின் நிலவறை.
மடக்கு நாற்காலி இருபது, ஆள் பதினொன்று,
அதிலும் ஒருவர் குளிருக்கு ஒதுங்கியவர்.

மேசையில் அவள் பரப்பி வைத்திருந்தது:
ஒரு நீராவி இஸ்திரி, கம்பி ஹேங்கர்கள்,
உடைந்த குதிகால் ஒன்று,
என் தையல் பெட்டியிலிருந்து காணாமல்போன
அளவு நாடா.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், திருடி.
ஒவ்வொன்றிலும் காசளவு மைக் ஒட்டியிருந்தாள்.

இஸ்திரி மூச்சுவிட்டது.
ஹேங்கர்கள் ஒன்றையொன்று உரச
என் முதுகு வேர்த்தது.
நாற்பது வினாடி தொடங்கிவிட்டதென்று
கைகள் தாமாக எழுந்தன.

பிறகு வாய் திறந்தாள்.
முதலில் வந்தது இருமல்.
அதையும் பதிந்து சுழலவிட்டாள்.
அதன்மேல் அவள் தாய்மொழியில்
நாடாவை விரல் விரலாக நகர்த்தி வாசித்தாள்.
லாத்விய மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது.
நாடாவைப் பார்த்தே எண்ணைத் தெரிந்துகொண்டேன்.
அறுபதில் நின்றாள். நெடுநேரம்.
அந்த இடுப்புக்குள் எத்தனை பட்டினி என்று
கணக்குத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.
அறுபத்தொன்று.
அறுபத்திரண்டு.
அறுபத்துமூன்றில் குரல் உடைந்து
பாட்டுபோல் ஒன்றானது,
பாட்டு இல்லை,
எண்ணெய் காணாத கீல்.

முன்வரிசைக்காரர் எழுந்து போனார்.
முடிந்ததும் ஒரு பையன் வந்து
"பஸ் நிறுத்தத்தில் உங்க படம்..." என்று இழுத்தான்.
"அன்று நல்ல வெளிச்சம்" என்றாள்
வயரைச் சுருட்டியபடி.

எல்லாம் பிடித்ததென்று சொல்லமாட்டேன்.
நடுவில் பத்து நிமிஷம் வெறும் இரைச்சல்.
கடைசிக் கவிதையில் ஒரு சாண் கத்தரித்திருக்கலாம்.
தையல்காரி புத்தி.

வெளியே பனி. டிராமுக்கு ஓடினோம்.
பூட்ஸில் அவள் நடை
இடப்பக்கம் கொஞ்சம் சாய்கிறது.
ஏழு வருஷத்தில் நான் பார்க்காதது.
நாடாவை அவள் திருப்பித் தரவில்லை,
நானும் கேட்கவில்லை.
என் கோட்டுப் பொத்தான் தொங்குவதைப் பார்த்து
"ஊசி இருக்கா?" என்றாள்.
பல்லில் நூலைக் கவ்வியபடி
கடைசி நிறுத்தம் வரை
வாய் மூடாமல் பேசிக்கொண்டே வந்தாள்.