பத்தடி

எருமைக்குப் பின்னால் எருமை நிறத்திலேயே கொட்டகை.
தார்ப்பாய் கறுப்பு. புகையேறிய தட்டி கறுப்பு.
நனைந்த முளைக்குச்சியும் கறுப்பு.
கேமராவில் பார்த்தால்
இரண்டு கண்ணும், காதில் ஒரு மஞ்சள் வில்லையும்
அந்தரத்தில் நிற்கின்றன.

இன்சூரன்ஸுக்கு இது செல்லாது, அக்கா.
மாடு வேறு மத்தது வேறுன்னு தெரியணும்.

ஊருக்கு உச்சிமேடு என்று பேர்.
பெண்ணையாறு பெருகினால் முதலில் முழுகுகிற மேடு.
மஞ்சக்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருக்கிறேன்.
படத்துக்கு அறுபது ரூபாய், பெட்ரோல் என்னுடையது.
கல்யாண ஆர்டருக்கென்று கடனில் வாங்கிய லென்ஸ்
முதல்முறையாகச் சாணி வாசம் பிடிக்கிறது.

அஞ்சலாட்சி ஒரு வெள்ளை வேட்டியை உதறி
எருமைக்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள்.
காற்று அதைத் தூக்கி எருமைக்கே போர்த்திவிட்டது.
"டீச்சர், அசையாத."
எருமையின் பேர் அது.
யாரைப் பார்த்தாலும் வீட்டுப்பாடம் கேட்கிற முகம்.

துணி வேண்டாம், தூரம் போதும் என்றேன்.
அவிழ்த்து முன்னால் கொண்டாங்க.
இன்னும். இன்னும் நாலு எட்டு.
கொட்டகைக்கும் அதற்கும் நடுவே
பத்தடி வெறும் மண்.
அபர்ச்சரை முழுசாகத் திறந்தேன்.
நாலரை மணி வெயில் பின்னாலிருந்து வந்து
முதுகு நெடுக, கொம்பின் வளைவு நெடுக
வெளிச்சத்தில் ஒரு நூல் ஓட்டியது.
தட்டி கரைந்தது. வைக்கோல் கரைந்தது.
கொடியில் தொங்கிய பள்ளிச் சீருடை
கொஞ்சம் நீலப் புகை.
வேட்டியை மடித்தபடி தள்ளி நின்ற அஞ்சலாட்சி
வெள்ளையாக ஒரு வட்டம்.
டீச்சருக்கு மட்டும்
காது மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.
"எங்க வீடு எங்க போச்சு?"
பின்னாலதான் இருக்கு, மங்கலாக்கியிருக்கேன்.
"ம்" என்றாள்.
மோர் கொடுத்தாள், உப்பு தூக்கல்.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
மேலே அணையைத் திறந்தார்கள்.
மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து போன்:
அதே மாடு, காது வில்லை தெரிய வேண்டும்.
செத்ததற்கும் அறுபதுதான்.

கரும்புத் தோகையும் தெர்மாகோலும்
யார் வீட்டுக் கதவோ ஒன்றும்
ஒதுங்கிய இடத்தில் கிடந்தது டீச்சர்.
வயிறு எங்கே முடிகிறது
சேறு எங்கே தொடங்குகிறது
தெரியவில்லை.
அபர்ச்சரைத் திறந்தேன்.
குனிந்தேன், மண்டியிட்டேன்,
சட்டை நனையப் படுத்தும் பார்த்தேன்.
மூடிய வானம் எல்லாவற்றுக்கும்
ஒரே அளவு வெளிச்சம் போட்டிருந்தது.
நிற்கிற மாட்டை நாலு எட்டு முன்னால் நடத்தலாம்.
கிடக்கிறதற்குப் பின்னால் பத்தடி ஏது,
ஒரு விரல்கடை ஏது.

அஞ்சலாட்சி குடத்தோடு வந்தாள்.
லாரியில் வந்த குடிதண்ணீர்.
காதைக் கழுவினாள், எண் தெரிந்தது.
போதும் அக்கா என்றேன்.
கொம்பைக் கழுவினாள்.
யாரும் கேட்காத முகத்தையும் கழுவி
கண்ணோரத்துச் சேற்றை
முந்தானை நுனியால் எடுத்தாள்.
தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.
அபர்ச்சரைப் பதினொன்றுக்கு இறுக்கினேன்.
எல்லாம் விழுந்தது:
குடம், காது, கவிழ்ந்த கொட்டகை,
வேலிகாத்தான் முள்ளில் நீலச் சீருடை,
தூரத்தில் மீட்புப் படகைத் தலைகீழாகத் தூக்கிப் போகும்
நாலு பேரின் கால்கள்.

மறுநாள் பதில் வந்தது:
படத்தில் சம்பந்தமில்லாத நபர் உள்ளார்,
நீக்கி அனுப்பவும்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்து வெட்டினேன்.
கொட்டகை போயிற்று. சீருடை போயிற்று.
அவள் முகம், தோள், முழங்கை.
மணிக்கட்டோடு நின்றுவிட்டேன்.
வில்லையைத் திருப்பிப் பிடித்திருப்பது
அந்த இரண்டு விரல்தான்;
அதை வெட்டினால் எண்ணும் போய்விடும்.

அப்படியே அனுப்பினேன்.