சிவப்பு அம்பு

என் வேலை குறை பார்ப்பது.
நான்காம் லைன், கடைசி மேசை, ட்யூப்லைட்டுக்குக் கீழே.
மணிக்கு எழுபது சட்டை என் கைக்குள் வந்து போகும்.
காலரில் தையல் தாவியிருந்தால்,
அக்குளில் மடிப்பு விழுந்திருந்தால்,
பொத்தான் துளை வாய் பிளந்திருந்தால்
நகத்தளவு அம்பு ஸ்டிக்கர் ஒன்றைக் கிள்ளி
அந்த இடத்தில் ஒட்டுவேன்.
அம்பு பேசாது.
இங்கே என்று மட்டும் காட்டும்.

அவர் லைனுக்குள் நடக்கும்போது
மெஷின் சத்தம் மாறும்.
எங்கே நிற்கிறார் என்று திரும்பாமலே சொல்லிவிடுவேன்.
சங்கவியின் ஓவர்லாக் விட்டு விட்டு ஓடும்,
தனபாக்கியத்தின் பெடல் பதறும்.
நூல் அறுந்திருக்கா பாரு என்று குனிவார்.
நூல் அறுந்திருக்காது.
ஒரு கை மெஷின் தலையில் இருக்கும்.
மற்றக் கைக்கு
பீஸ் கணக்கு நோட்டில் கட்டம் கிடையாது.

பாத்ரூம் டோக்கன் அவரிடம்.
ஓ.டி. பட்டியல் அவரிடம்.
கேன்டீன் வாசலில் தொங்கும் புகார்ப் பெட்டியின் சாவியும்
அவர் பைக் சாவியோடு ஒரே வளையத்தில்.

சட்டம் வந்திருக்கிறது என்கிறார்கள்.
வந்திருக்கும்.
மேட்டூரில் திறந்தாச்சு என்று டி.வி. சொல்லும்,
கல்லணையில் பூத்தூவுவார்கள்,
எங்கள் வாய்க்காலில் அப்போதும்
ஆடு நடந்து போகும்.
நாங்கள் கடைமடை.

வேனில் யாரும் பேசுவதில்லை, டிரைவர் அவருக்குச் சொந்தம்.
நீடாமங்கலம் கேட்டில்
கூட்ஸ் வண்டி முன்னும் பின்னும் போகிற அரைமணி
டிரைவர் டீக்கு இறங்குவார்.
எங்களுக்கென்று இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

ஐப்பசி. கண்ணாடியில் மழை ஓடிக்கொண்டிருந்தது.
ஹமீதா இடது தோளைத் தொட்டு
"இங்க" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
முன் சீட்டில் ஜெசிந்தா
இடுப்புக்குப் பின்னால் கையை வைத்து, "இங்க."
பிறகு இருட்டில் யார் யாரோ
இங்க, இங்க,
நெல் மூட்டை வேகன்கள் கடகடவென்று போக
இங்க.
எனக்கும் ஒன்று இருந்தது.
ஐந்து மாதமாக அதை
என் மேசைக்கே கொண்டுவராமல் வைத்திருந்தேன்.

அடுத்த நாள் இரண்டு ஸ்டிக்கர் சுருளைப் பைக்குள் போட்டேன்.
திருட்டுத்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை பையர் வருகிற நாள்.
தரை பினாயிலில் பளபளத்தது.
அவசரக் கதவின் பூட்டு காணாமல் போயிருந்தது.
பாத்ரூமுக்கு சோப்பு வந்திருந்தது.
நீலக் கோட்டு மாட்டி அவரவர் இடத்தில் உட்கார்ந்தோம்,
முப்பத்தொரு பேர்.
தோளில் அம்பு. விலாவில் அம்பு.
தனபாக்கியத்தின் முதுகில்
உள்பாடிக் கொக்கிக்கு நேரே.
சங்கவிக்குப் பத்தொன்பது வயது, ஏழு அம்பு.
அதில் ஒன்று காதுமடலில்:
அங்கே சொன்ன சொல்லுக்கு.

வந்திருந்த அம்மாள் முதலில் சட்டையைத்தான் பார்த்தாள்.
பிறகு எங்களைப் பார்த்தாள்.
இது என்ன குறை என்று கேட்டாள் போலிருக்கிறது.
மொழிபெயர்க்க வந்த பையன்
வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.
ஒவ்வொன்றாக மெஷின்கள் நின்றன.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
மின்விசிறி மட்டும்
அம்புகளின் நுனியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது.

அன்று டார்கெட் முடியவில்லை.
மறுநாள் அவன் வரவில்லை.
(அவன் என்று வாயில் வந்துவிட்டது, இருக்கட்டும்.)
அடுத்த வாரம் வரலாம்; வேறு லைனுக்கு, வேறு சட்டையில்.
கமிட்டி என்று ஐந்து பெயர் ஒட்டியிருக்கிறார்கள்,
ஹமீதாவின் பெயர் எழுத்துப்பிழையோடு.
பெட்டிச் சாவி ஜெசிந்தாவின் தாலிக்கயிற்று ஊக்கில்.
என் சம்பளத்தில் ஸ்டிக்கர் சுருளுக்காக
நூற்றிருபது ரூபாய் பிடித்தம்.
ரசீது கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

இரண்டு முறை துவைத்தும்
கோட்டில் பசை போகவில்லை.
தறிகெட்டுப் பறக்கிற பஞ்செல்லாம்
அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து
அம்பு மாதிரியே இருக்கிறது.