பதினொரு சுற்று

பார்ட்டன் தெருவில், டயர்க்கடைக்குப் பின்னால்
துவார்த்தேயின் பட்டறை.
கதவைத் திறந்தால் மேப்பிள் தூள்
மூக்கில் ஏறி உட்காருகிறது.
என்னைவிடப் பத்து வயது இளையவன்,
ஒரு காதில் மட்டும் வளையம்.

அடிக்கோல் தயார்.
நடுமூட்டுக்கு எந்த ஆணி என்று கேட்டுவிட்டு
ஈரத்துணியில் மீன் பரப்புவதுபோல்
நான்கை எடுத்துப் பரப்பினான்.

தடித்தது ஒன்று, அங்குலத்துக்குப் பத்து மரை,
மரத்துக்குள்ளேயே வழி வெட்டிக்கொண்டு இறங்குவது.
ஒல்லியானது எஃகு, பதினெட்டு மரை,
பித்தளைக் குழிக்குள் பொறுமையாய்ப் போகும்.
பச்சை நிறத்தில் கண்ணாடிநார் ஆணி; கையில் வைத்தால்
வைத்ததே தெரியவில்லை.
நான்காவதற்குப் பாதி உடம்புக்குத்தான் மரை.
செருகி ஒரு முறுக்கு. டக்.

"எது நல்லது?"
"எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள்," என்றான்.

பல் ஆய்வுகூடத்தில் வேலை எனக்கு.
யாருடையவோ தாடைக்குள் போகப்போகிற
எள்ளளவு திருகாணிகளை
எட்டு மணிநேரம் உருப்பெருக்கியில் பார்ப்பவள்.
செவ்வாய்க்கிழமைக் குழுவில்
எஃகு என்றால் அடி கூர்மை, மரம் என்றால் அடி கனிவு என்று
எல்லாருக்கும் வகுப்பெடுத்தவளும் நானே.

கண்ணை மூடச் சொன்னான்.
மூன்று கோல்கள், ஒன்றன்பின் ஒன்றாக.
வெள்ளைப் பந்தை அடித்துச் சொன்னேன்:
இது எஃகு. இது தடியன். இது பச்சை.

மூன்றும் பிழை.

சிரிக்கவில்லை அவன், அதுவே பெரிய மரியாதை.
ஒரு மூட்டை விளக்குக்கு நேரே பிடித்தான்.
முகமும் முகமும் பொருந்திய இடத்தில்
மயிரிழை வெளிச்சமும் கசியவில்லை.
அடியைக் கடத்துவது இந்த முகங்கள்;
ஆணி சும்மா இழுத்துப் பிடிக்கிறது.
இதைத்தான் தினமும் பல்லுக்குச் செய்கிறேன்,
கோலுக்கு மட்டும் மறந்திருக்கிறேன்.

அப்படியானால் எதைவைத்துத் தேர்வது?

கழற்றிப் பார்த்தேன்.
ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன்.

போன பெப்ரவரி, நயாகராவில், இறுதி ஆட்டம்.
எட்டாம் பந்து குழியின் உதட்டில் நின்று
உள்ளே எட்டிப்பார்த்து
மனம் மாறிவிட்டது.
கையிலிருந்தது தர்மினியிடம் இரவல் வாங்கிய கோல்.
டக். இரண்டாகிவிட்டது.
கைக்கு வேலை தீர்ந்துபோயிற்று,
முகத்துக்கு இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.
அதற்குள் வென்றவள் கையை நீட்டிக்கொண்டு
முன்னால் நிற்கிறாள்.

"பதினெட்டு மரை," என்றேன் துவார்த்தேயிடம்.
மெதுவாகத்தான் வரும், பதினொரு சுற்று,
குழுவில் யாருடைய நுனிக்கோலும் இதற்குச் சேராது என்றான்.
சேராவிட்டால் போகட்டும்.

காரணத்தைக் கேட்டுத் தர்மினி
"உனக்கு மரை கழண்டுவிட்டது," என்றாள்.
ஓம். பதினெட்டும்.

நேற்றுச் செவ்வாய்.
மலை என்று இந்த ஊர் சொல்லும் மேட்டின்மேல்
மண்டபத்துக்குள் ஈரச் சப்பாத்து வாசம்.
பேருந்து ஓட்டுபவர் ஒருவரிடம் தோற்றேன்,
தோற்கக்கூடாத ஆட்டம்.

திருகத் தொடங்கினேன்.
முதல் மூன்று சுற்றும் மேசைவிரிப்பின் குற்றம்.
பிறகு சோக்கின் குற்றம்,
அடுத்த மேசையில் தும்மியவனின் குற்றம்.
ஏழாவதில் பழி சொல்ல ஆளில்லை.
எட்டாவதில்
அந்த மூன்றாம் பந்தை நான் எவ்வளவு அவசரமாய் அடித்தேன் என்று
தெளிவாய்த் தெரிந்தது.

ஒன்பதில் அவர் வந்துவிட்டார்.
"நல்ல ஆட்டம்."

இன்னும் இரண்டு சுற்று பாக்கி.
வலக்கை வேலையாயிருந்தது.
இடக்கையைக் கொடுத்தேன்.