சங்கிலிக் கொம்பு

ஜெரால்டு திருப்பூர் போனபோது
சாவியை விட்டுப்போனான், கடவுச்சொல்லையும்.
கடவுச்சொல் அவன் பைக் நம்பர்.
மற்றதெல்லாம் தலையில் வைத்திருந்தான்,
தலையைக் கொண்டுபோய்விட்டான்.

டானிங்டன் இறக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறை.
ஸ்டிக்கர் அடித்துத் தரப்படும் என்கிறது ஷட்டர்.
நான் இதுவரை
வெட்டியவள், எண்ணியவள்,
நூறு நூறாக ரப்பர் பேண்ட் போட்டவள்.

கக்குச்சி ஹாலனுக்கு
வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறு லேபிள்.
பச்சையாய் ஓர் இலை,
அடியில் பெரிதாக நீலகிரித் தைலம்.
அவ்வளவுதானே என்றார்.
அவ்வளவுதான் என்றேன் நானும்.

திங்கள் இரவு.
திரையின் இடது ஓரம்
இருபத்திரண்டு குட்டிப் படங்கள்.
அம்பு நகர்த்தும் என்று நினைத்தேன், நகர்த்தியது.
பேனா எழுதும் என்று நினைத்தேன்.
புள்ளி வைத்தது.
இன்னொரு புள்ளி வைத்தால்
நடுவில் தானாக ஒரு கோடு,
கேட்காத கேள்விக்குப் பதில் மாதிரி.
இழுத்தால் புள்ளிக்கு மீசை முளைக்கிறது.
இந்தப் பக்க மீசையை முறுக்கினால்
அந்தப் பக்கக் கோடு வளைகிறது.

வாசலில் கிடந்த தைல இலையை
டேப் போட்டுத் திரைமேல் ஒட்டி
ஓரம் முழுக்கப் புள்ளி வைத்தேன்.
நாற்பத்தேழு புள்ளி.
இலை வரவில்லை,
குளிரில் நடுங்கும் ஒரு மீன் வந்தது.

செவ்வாய்க்கிழமை கோபத்தில்
ஒவ்வொரு புள்ளியாக அழித்தேன்.
அழிக்க அழிக்க
இலை தேறிக்கொண்டே வந்தது.
மூன்றுக்கு இறங்கினேன், உடைந்தது.
நான்குக்குத் திரும்பினேன்.
பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
இலைக்கு நான்கு.
கரண்ட் போய் வந்தது, இலை இல்லை.
அதன் கீழே எழுதினேன்:
கன்ட்ரோல் எஸ், மூச்சுக்கு ஒரு தரம்.

புதன், எழுத்து.
நீலகிரி ஒழுங்காக உட்கார்ந்தது.
தைலம்தான் வம்பு.
த ஒரு பக்கம் தனியாக,
சங்கிலிக் கொம்பு மறுபக்கம்,
கொம்பை ஒட்டி
புள்ளிகளால் ஆன ஒரு காலி வட்டம்,
வராத ஆளுக்குத் துண்டு போட்ட பஸ் சீட் போல.

விரல் விறைத்து
டபுள் கிளிக் இரண்டு கிளிக்காகப் பிரிகிற நேரம்
சொல்லை வெட்டித் துண்டாக்கி
கொம்பைக் கையால் இழுத்து முன்னால் வைத்தேன்.
வட்டத்தின் மேல் வெள்ளை பூசினேன்.
யார் பார்க்கப் போகிறார்கள்.

பிறகுதான் பின்பக்க லேபிள், எறும்பு எழுத்தில்:
வெளி உபயோகத்துக்கு மட்டும்.
குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.
ஐந்து கொம்பு, ஐந்து காலி வட்டம்.
பூசி மறைக்கிற வாக்கியமா இது.
யார் வீட்டிலோ ஒரு பாட்டில்
கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும்.

ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி தூக்கினேன்.
வாசலில் காட்டெருமை.
போவதாகத் தெரியவில்லை.
ஷட்டரை இறக்கிவிட்டு வந்து
எஞ்சியிருந்த மெனுக்களை
மேலிருந்து வரிசையாகத் திறந்தேன்,
புரிந்ததற்கு ஒரு கோடு, புரியாததற்கு இரண்டு.

பத்திப் பெட்டியின் மூலையில்
கண்ணுக்குத் தெரியாத மூன்று வரி.
அழுத்தினால் ஒரு பட்டியல்.
பட்டியலின் அடியில்
உலக மொழிகளுக்கு என்று ஒன்று.
நாங்களும் உலகத்தில்தான் இருக்கிறோம்
என்பதற்கு ஒரு டிக்.

ஐந்து கொம்பும்
ஒரே நொடியில் எழுந்துபோய்
அவரவர் எழுத்துக்கு முன்னால் நின்றன.
நான் சத்தம் போட்டேன்.
வெளியே காட்டெருமையும் ஏதோ சொன்னது.

கையால் நகர்த்திய தைலம் மட்டும்
கோணலாக, வெள்ளைப் பூச்சோடு.
அழித்துவிட்டு மறுபடி அடித்தேன்.

வெள்ளி மதியம் ஹாலன்
இலை கொஞ்சம் ஒல்லி என்றார்.
பணம் எண்ணி வைத்தார்.

இருபத்திரண்டில் ஒன்பது தெரியும் இப்போது.
மந்திரக்கோல் மாதிரி ஒன்று இருக்கிறது,
தொட்டால் எல்லாமே ஊதா ஆகிறது.
ஏன் என்று
நாளைக்குப் பார்க்கணும்.