எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்

எழுத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றார் ஜெர்வாஸ்.
பெயின்ட் அவருடையது, ஏணி அவருடையது,
தகரம் மட்டும் எங்களுடையது.
கோத்தகிரியிலிருந்து கோடநாடு போகிற சாலையில்
எங்கள் விடுதி வாசலுக்கு ஒரு எச்சரிக்கைப் பலகை.
வாசகம் நான்தான் கொடுத்தேன், இங்கிலீஷில்:
ஃபியூ பேர்ஸ் ஹியர்.
இங்கே சில கரடிகள் உண்டு என்று
மனசுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான்.
பன்னிரண்டு எழுத்து, நூற்று நாற்பத்து நாலு.
நாலைத் தள்ளிவிட்டுக் கொடுத்தேன்.

புனேயிலிருந்து வந்த குல்கர்ணி அம்மாள்
பலகையைப் படித்தார். தலையாட்டிச் சிரித்தார்.
ஆறே கால் மணிக்கு, டார்ச் இல்லாமல், நடக்கப் போனார்.

கரடி அன்றைக்கு மாரியம்மன் கோயில் அகல்களில்
எண்ணெய் அத்தனையும் குடித்துவிட்டு
கவாத்து வெட்டாத தேயிலைக்குள்ளிருந்து ஏறி வந்திருக்கிறது.
இருவருக்கும் நடுவில் ஒரு வளைவு, ஒரு மைல்கல்.
அம்மாள் ஓடவில்லை, நடந்தே வந்தார்,
ஒற்றைச் செருப்போடு.

வர்க்கியை டீயில் நனைக்க முடியாமல் கை நடுங்க
என்மேல் பாய்ந்தார்:
கரடியே இல்லாத மாதிரி எழுதி வைத்திருக்கிறாயே!
முன்னால் ஏ எங்கே? ஏ ஃபியூ என்றால்தான் உண்டு.
வெறும் ஃபியூ என்றால்
தேடினாலும் கிடைக்காது என்றல்லவா அர்த்தம்!

இருபத்தொரு வருஷமாக ரிசப்ஷனில் இங்கிலீஷ் பேசுகிறவள் நான்.
ராத்திரி கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன்.
ஏ லிட்டில் பால் இருந்தால் டீ.
லிட்டில் பால் என்றால் வரக்காப்பி.
நம்மிடமும் ஒரு ஏ இருக்கிறது, வாலில் வரும்.
சில என்றால் சில.
சிலவே என்றால் பாதி காணாமல் போய்விடும்.
அவர்கள் ஏ முன்னால் நின்று கொடுக்கிறது,
நம்முடையது பின்னால் நின்று பிடுங்குகிறது.

அப்புறம்தான் நினைவுக்கு வந்தது
டொரன்டோவுக்கு அனுப்பிய மெசேஜ்.
ஹட்டனில் எங்களைக் கப்பலுக்கு ஏற்றிவிட்டு
அங்கேயே தங்கிவிட்ட அக்காவின் மகள், தர்ஷிகா.
தமிழ் பேசுவாள், படிக்க வராது.
அங்கே உங்களுக்கு யார் இருக்காங்க சித்தி
என்று கேட்டிருந்தாள்.
ஐ ஹேவ் ஃபியூ ஃபிரண்ட்ஸ் ஹியர் என்று போட்டேன்,
பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.
அரைமணியில் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.
டிக்கெட் போடட்டுமா சித்தி என்றாள்.
அங்கே பனிக்காலம், சளி பிடித்திருக்கும்
என்று நினைத்துக்கொண்டேன்.

போனை எடுத்தேன்.
விட்டுப்போன எழுத்தை அனுப்பிவிடலாம் என்று
முதலில் ஆட்களை எண்ணினேன்.
பால் ஊற்றுகிற போஜன்.
பக்கத்து எஸ்டேட் கணக்கர் மனைவி மாதி,
இல்லை, அவள் சித்திரையிலேயே
மகனோடு கோயம்புத்தூர் போய்விட்டாள்.
பேக்கரியில் சில்லறை இல்லாதபோது நாளைக்கு என்பாரே, அவர்.
அவர் பெயர் தெரியாது.
விரல் அங்கே நின்றுவிட்டது.
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

காலையில் ஜெர்வாஸ் வந்தார்.
ஃபியூவுக்கு முன்னால் இடமே விடவில்லை, ஆணிதான் இருந்தது.
ஆணியை அடித்துத் தள்ளலாம், இல்லாவிட்டால்
ஏ-வைக் கொஞ்சம் ஒல்லியாகப் போடலாம் என்றார்.
உங்களுக்கு எது தோதோ என்றேன்.
பலகையின் இடது ஓரம் ஏணியை விரித்து நிறுத்திவிட்டு
தின்னர் மறந்துபோச்சு என்று டவுனுக்கு இறங்கினார்.

மஞ்சு வந்து சாலையை மூடியது.
வாசலில் நின்று பார்த்தேன்.
விரித்த இரண்டு கால்,
நடுவில் ஒரு குறுக்குப் படி, உச்சியில் கூர்.
பலகை சரியாக இருந்தது.

ஜெர்வாஸ் வருவதற்குள் அடுப்பில் இரண்டு டம்ளர் தண்ணீர் வைத்தேன்.
சட்டியைச் சாய்த்துப் பார்த்தேன்.
பால் கொஞ்சம் இருந்தது.