இரட்டை வேகம்

பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் போடச் சொன்னார்கள்.
என் பெட்டிக்கு அது புதுசு.
காதுகுத்து, கொடியேற்றம், கேதம் சொல்வது
எதற்கும் யாரும் அதை விரட்டியதில்லை.

சின்ன ஏர்வாடி மணலில்
ஒரு காதல் தோல்வி
எலிக்குஞ்சுக் குரலில் கீச்சிட்டது.
கறுப்புக் கோட்டுப் பையன்
சுடுகிழங்கை வாயில் போட்டவன்போல
உதட்டை அதோடு ஓட்டினான்.
ஸ்லோமோஷனில் வாயசைவு பொருந்த இதுதான் வழியாம்.
கேமரா நொடிக்கு நாற்பத்தெட்டு தின்னும்,
இருபத்துநாலாகக் கக்கும்.

மற்றது எனக்கே பிடிபட்டது.
கவிழ்த்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்து
மூன்று சட்டை மாற்றினால் மூன்று வருஷம்.
நாயகி முகம் கடைசிச் சரணத்துக்குத்தான்.
அதுவரை துப்பட்டா.

புகை மெஷின் போட்டார்கள்.
கச்சான் அதை வாங்கி
ஐஸ் கம்பெனிக்குள் கொண்டுபோய் விட்டது.
ட்ரோன் எழும்பியதும்
கருவாட்டுக்குக் காவலிருந்தவர்
பருந்தென்று கல்லெடுத்தார்.

நாலாவது டேக்கில்
பூமயில் குறுக்கே வந்துவிட்டாள்,
இடுப்பில் பாசி மூட்டை,
விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல்.
எடை போடும் வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது.
கட், கட் என்று கத்தினார்கள்.
வேறு யாரையோ என்று ஓடினாள்.

இரண்டு மாதம் கழித்துப் பாட்டு வந்தது.
எனக்குத் தரவேண்டிய மீதி வரவில்லை.

பேட்டரி சார்ஜ் போட வந்தவளிடம்
செல்போனைக் காட்டினேன்.
பையன் பொறுமையாக, அழகாக நோகிறான்.
அலை எழுவதற்கே யோசிக்கிறது.
அவன் தோளுக்குப் பின்னால்
ஒருத்தி
தரையில் கால் வைக்க மனமில்லாதவள்போலப் போகிறாள்.
மூட்டையிலிருந்து சொட்டும் தண்ணீர்
ஒவ்வொரு துளியாக, தனித்தனியாக,
அவளுக்காகக் காத்திருந்து விழுகிறது.

"இது நானா?
அன்னைக்கு ஓடுனேனே."
ஓடினாய்தான் என்றேன்.

திரும்பப் போடச் சொன்னாள். திரும்பவும்.
"இம்புட்டு நேரம் இருந்திருந்தா
வண்டியப் பிடிச்சிருப்பேன்ல."

ஓட்டுப் பார்ப்போம் என்று
செல்லில் வேகத்தை இரண்டாக்கினேன்.
பையன் கீச்சிட்டான்.
அலைகள் அடித்துப் பிடித்துக் கரையேறின.
பூமயில் ஓடினாள்,
கடைக்குள் நின்றவளும்
விரல்களை இறுக்கிக்கொண்டாள்.
வண்டியின் பின்பலகை
ஓரத்தில் தெரிந்தது,
இன்னும் நாலு எட்டு,

அதற்குள்
துப்பட்டா வந்துவிட்டது.